கணுக்காலுக்கு மேலே

வேட்டியை அவிழ்த்து இந்தப் பையில் போட்டுக் கொடுங்கள் என்று சொன்னபோதே குற்றாலலிங்கத்துக்குப் பாதி உயிர் போய்விட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லிவிட்டு, அவருடைய மகள் வயதே இருக்கும் டாக்டரம்மா தரையில் குத்தவைத்து உட்கார்ந்து மார்க்கர் பேனாவால் அவர் இடது காலில் கோடு இழுத்தபோது மீதியும் போனது. பேனா தொடையின் உள்பக்கத்தில் கூசிக்கொண்டு இறங்கியது, முழங்காலைத் தாண்டியது, ஆடுசதையில் வளைந்து வளைந்து போயிற்று, அவர் மேலே மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றார். கீழே பார்த்துத் தெரிந்துகொள்ள அவருக்கு என்ன இருக்கிறது? கயிறு கயிறாகப் புடைத்து நிற்கும் நரம்பு, அதற்குக் கீழே கணுக்காலைச் சுற்றிப் புகையடித்த அடுப்படிச் சுவர் மாதிரி கறுத்துப்போன தோல், உள்பக்கம் ஆறுவதும் திரும்பப் பொத்துக்கொள்வதுமாக ஒரு புண். வலது காலிலும் இதே கதைதான், புண் மட்டும் இல்லை. அதற்கு இன்னொரு நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டில் மனைவி செண்பகம் ஒருத்திதான் இதை அறிவாள், அவளும் விளக்கை அணைத்த பிறகு தேங்காயெண்ணெய் தடவிவிடுகிறவள், கையால் பார்த்தவளே தவிரக் கண்ணால் நிறையப் பார்த்தவள் இல்லை. இப்போது டியூப் லைட் வெளிச்சத்தில் டாக்டரம்மா பார்க்கிறாள், ஜெனிட்டா சிஸ்டர் பார்க்கிறாள், மிஷின் பக்கத்தில் நிற்கிறவர்கூடக் கழுத்தை நீட்டிப் பார்க்கிறார். "எவ்வளவு வருஷமா இருக்கு அங்கிள்?" என்று தரையிலிருந்து குரல் வந்தது. "கொஞ்ச நாளாத்தாம்மா" என்றார். கொஞ்ச நாளாம்! டாக்டரம்மா அந்தக் கறுப்பை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தாள். "கூட யாரு வந்திருக்காவ?" இது சிஸ்டர். "வெளிய இருக்காங்க." "யாரு, அம்மாவா?" "வருவாங்க." இருக்காங்க என்று சொன்ன வாய் அடுத்த மூச்சில் வருவாங்க என்கிறது, ஒரு பொய்யைக்கூட நேராக நிற்கவைக்கத் தெரியவில்லை. சிஸ்டர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு, "துணைக்கு ஆள் இல்லாம அனுப்ப மாட்டோம் அங்கிள், நம்பர் சொல்லுங்க, நான் கூப்பிடுதேன்" என்றாள். "பிறகு சொல்லுதேம்மா" என்றார்.

படுக்கச் சொன்னார்கள். மேஜை சில்லென்று இருந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த பச்சை அங்கி முழங்காலோடு நின்றுவிட்டது, எவ்வளவு கீழே இழுத்தாலும் அதற்கு மேல் துணி இல்லை. இழுத்து இழுத்துப் பார்த்த கையைச் சிஸ்டர் எடுத்து அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். களிம்பு மாதிரி ஏதோ குளிர்ச்சியாக வழிந்தது, ஒரு கருவி தொடையில் ஊர்ந்தது, பக்கத்தில் ஒரு திரையில் கறுப்பும் வெள்ளையுமாக எதுவோ துடித்தது. "இந்தா பாருங்க அங்கிள், இதுதான் உங்க குழாய். இதோட வால்வு போயிருச்சு. மேல ஏற வேண்டிய ரத்தம் கீழயே தேங்கிக் கிடக்கு." அவர் கண்ணை மூடிக்கொண்டார். திரை என்றாலே அவருக்கு ஆகாது. கல்யாண மண்டபத்து மேனேஜருக்குத் திரையைக் கண்டால் என்ன பயம் என்று கேட்டால் அது பெரிய கதை. நிற்பதுதான் அவர் உத்தியோகம். பாளையங்கோட்டையில் அந்த மண்டபம் கட்டிய நாளிலிருந்து முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வாசலில் நின்று, பந்தியில் நின்று, சமையல்கட்டில் நின்று, கடைசிப் பாத்திரம் வண்டியேறும்வரை நின்று, நின்று நின்றே நரம்பு சுருட்டிக்கொண்டுவிட்டது. மற்றவர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் ஓடுவார்கள். சமையல்கட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கும், வேறெப்படி ஓடுவது? முதலாளி தலை தெரிந்தால் மட்டும் சட்டென்று இறக்கிவிடுவார்கள். குற்றாலலிங்கத்தின் வேட்டி ஏறியதும் இல்லை, அதனால் இறக்க வேண்டி வந்ததும் இல்லை. கரை ஈரமாகி, சாம்பார்பட்டு, எச்சில் இலைச் சாற்றில் ஊறி, எப்படியானாலும் குதிகாலைத் தொட்டபடிதான் கிடக்கும். முதலாளி நாலு பேரை நிற்கவைத்துச் சொல்லுவார்: "மரியாதைன்னா என்னன்னு குத்தாலத்துகிட்டப் படிங்கடே. இத்தனை வருஷத்துல என் முன்னால ஒரு நாள் மடிச்சுக் கட்டியிருப்பாரா?" குற்றாலலிங்கம் தலையைக் குனிந்துகொள்வார். குனிந்ததும் அடக்கத்தின் கணக்கில் போய்ச் சேர்ந்துவிடும். வெட்கத்தில் குனிகிற தலைக்கும் பணிவில் குனிகிற தலைக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது போலிருக்கிறது, இவருக்கு மட்டும் பிடரி சுடும். மகள் வடிவைப் பெண் பார்க்க நாகர்கோவிலிலிருந்து மாப்பிள்ளையின் அப்பா பூதலிங்கம் வந்தாரே, அன்றைக்கென்று என்ன மழை. தெருவில் முழங்காலளவு தண்ணீர். கார் தெருமுனையிலேயே நின்றுவிட்டது. இவர் குடையைப் பிடித்துக்கொண்டு, வேட்டி தண்ணீருக்குள் பாயாக விரிந்து மிதக்க, மடிக்காமலே நடந்துபோய் அழைத்துவந்தார். பூதலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "பொண்ணைக்கூடப் பிறகு பார்த்துக்கிடலாம் அண்ணாச்சி, உங்களைப் பார்த்தாச்சு, போதும்" என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஜாதகம் பார்த்து முடிக்கிற சம்பந்தம் உண்டு, சொத்து பார்த்து முடிக்கிற சம்பந்தம் உண்டு. நரம்புச் சுருட்டைப் பார்த்து முடித்த சம்பந்தம் ஊரிலேயே இது ஒன்றுதான் என்று அன்று ராத்திரி செண்பகம் எண்ணெய் தடவிக்கொண்டே சிரித்தாள்.

"ஊசி போடுதோம் அங்கிள், வரிசையா வரும், பொறுத்துக்கோங்க." வரிசையாகத்தான் வந்தது. முழங்காலிலிருந்து தொடைவரை குத்திக் குத்தி மரத்துப்போகிற தண்ணீரை உள்ளே ஏற்றினார்கள், கால் கனத்து, பிறகு அவருடைய காலாகவே இல்லாமல் போனது. முப்பது வருஷமாக இதைத்தானே வேண்டிக்கொண்டிருந்தார், இந்தக் கால் என்னுடையதாக இல்லாமல் போகட்டும் என்று. போன பிறகும் வெட்கம் போகவில்லை. வெட்கம் காலில் இல்லை, அது தொண்டைக்கும் வயிற்றுக்கும் நடுவில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறது, அங்கே எந்த ஊசி போடுவார்கள்? அந்தப் பாதபூஜைப் பேச்சு வந்திருக்கவே வேண்டாம். நிச்சயத்தன்று பூதலிங்கம் விரல் விட்டு எண்ணிச் சொல்லிக்கொண்டே வந்தார், மாப்பிள்ளை அழைப்பு, பிறகு மாலை, பிறகு பாதபூஜை. அந்த வார்த்தையில் குற்றாலலிங்கத்துக்குக் காது அடைத்துவிட்டது. மண்டபத்தில் அவர் பார்க்காத பாதபூஜையா? மேடையில் பெற்றவர்களை நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள், பெரிய தாம்பாளத்தில் காலை வைக்கச் சொல்லுவார்கள், பொண்ணும் மாப்பிள்ளையும் தண்ணீர் ஊற்றிப் பால் ஊற்றிக் கழுவி, துடைத்து, மஞ்சளும் குங்குமமும் வைத்து, பூப்போட்டுக் கும்பிடுவார்கள். அதெல்லாம் நல்ல விஷயம்தான், யார் இல்லை என்றது? வீடியோக்காரன் இருக்கிறானே, அவன் குனிந்து காமிராவைத் தாம்பாளத்துக்குள்ளேயே விடாத குறையாக வைத்துக்கொண்டு, "சார், வேட்டியைக் கொஞ்சம் மேல தூக்கிக்கிடுங்க சார்" என்பான். மேடைக்கு இரண்டு பக்கமும் திரை. பந்திக்கூடத்தில் ஒன்று. கதவு அகலத்துக்கு ஒரு பாதம், அதன் வெடிப்பு, அதன் நகம். வடை கடித்துக்கொண்டே ஜனம் பார்க்கும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவுக்குக் கால் முழுக்கப் படை, வீடியோக்காரன் இவர் காதோரம் வந்து ஏதோ சொன்னான், இவரும் சிரித்தார். சிரித்துவிட்டு வேட்டிக் கரையைக் குனிந்து சரிபார்த்துக்கொண்டார். அந்த மனிதன் கையைக் கூப்பிக்கொண்டு சந்தோஷமாக அழுதுகொண்டிருந்தான், தன் கால் திரையில் போவதுகூடத் தெரியாமல். அவனுக்கு இருந்தது எனக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

நிச்சயத்தன்று நாக்கு தானாகப் புரண்டது. "பாதபூஜை வேண்டாம் சம்பந்தி. பெத்த பிள்ளையானாலும் ஒரு மனுசன் காலை இன்னொரு மனுசன் கழுவுறது எனக்கு உடன்பாடு இல்ல. பிள்ளைகள் நிமிர்ந்து நிக்கணும்னுதானே படிக்க வச்சோம்?" எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு? மண்டபத்தில் நடந்த ஏதோ ஒரு சுயமரியாதைத் திருமணத்தில் எவரோ மைக்கில் பேசியது, வாசலில் நின்றபடி காதில் விழுந்தது, இத்தனை காலம் உள்ளே கிடந்து சமயம் பார்த்து எழுந்து வந்துவிட்டது. கூடத்தில் எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். செண்பகம் மட்டும் அவர் முகத்தைப் பார்க்காமல் அவர் காலைப் பார்த்தாள். வடிவு காப்பித் தட்டோடு நின்றவள் நின்றபடியே நின்றுவிட்டாள். அவள் கல்லூரியில் பாடம் எடுக்கிறவள், நிறையப் படித்தவள், அப்பாவைப் பாசத்தோடு மட்டுமே பார்த்துப் பழகியவள். அன்று அந்தக் கண்ணில் வேறு ஒன்று வந்தது. எல்லாரும் போன பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அப்பா, நீங்க இப்படிப் பேசி நான் பார்த்ததே இல்லப்பா" என்றாள். "நீங்க யார் முன்னாலயும் பணிஞ்சு பணிஞ்சு போறதைப் பார்த்து எனக்கு உள்ளுக்குள்ள வருத்தமா இருக்கும்ப்பா. இன்னைக்குத்தான் தெரிஞ்சது, நீங்க யாருன்னு." மறுநாள் அவளுடைய வாட்ஸப்பில் இவர் படம், இடுப்புக்கு மேலே எடுத்தது, கீழே, "யாரும் யார் காலையும் கழுவ வேண்டாம் என்று சொன்ன என் அப்பா" என்று போட்டிருந்தாள். வகுப்பில் பிள்ளைகளிடம்கூடச் சொன்னாளாம். நன்றாக இருந்தது, பொய் சொல்லக் கூடாது, கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது. மண்டபத்துக்குப் போகிற வழியில் நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கூட நடந்து பார்த்தார். அந்த நினைப்புதான் இப்போது மேஜைமேல் அவரைக் குப்புறத் தள்ளுகிறது. மகள் வாய்நிறையச் சொல்லும் அப்பா வேறு ஆள், அவன் நல்லவன், அவனுக்குக் கால் சுத்தமாக இருக்கிறது.

பச்சைக் கண்ணாடி ஒன்றைக் கண்ணில் மாட்டிவிட்டார்கள். எல்லாரும் மாட்டிக்கொண்டார்கள். "ஆரம்பிக்கோம் அங்கிள். சுட்டா சொல்லுங்க." மிஷின் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. ஒரு நூல் கனத்தில் ஏதோ உள்ளே போய், மேலிருந்து கீழே கருக்கிக்கொண்டே வருகிறதாம். வலிக்கவில்லை. ஆனால் ஒரு கருகல் வாடை, நிஜமாகவே வந்ததா, நாக்கில் தோன்றியதா, தெரியவில்லை, பால் அடிப்பிடித்த வாடை. தீய்ந்துபோ, எல்லாம் தீய்ந்துபோ என்று நினைத்துக்கொண்டார். இந்தக் காரியத்தை மட்டும் ஒழுங்காக முடித்துவிட்டால் போதும், மற்றதை வாயால் சமாளித்துக்கொள்ளலாம். சமாளிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. பூதலிங்கத்துக்கு ஒரே பையன் ஹரி, அவர்கள் வழியில் பாதபூஜை இல்லாமல் கல்யாணம் நடந்ததில்லை. உங்களுக்கு வேண்டாமென்றால் இருக்கட்டும் அண்ணாச்சி, எங்களுக்குப் பிள்ளைகள் செய்யட்டும் என்று மரியாதையாகத்தான் கேட்டார். வடிவு மாட்டேன் என்றுவிட்டாள். எங்கப்பாவே வேண்டாம்னு சொன்ன காரியத்தை நான் வேற யாருக்குச் செய்ய என்று ஹரியிடம் போனில் கத்தினாள். ஹரி நடுவில் கிடந்து நசுங்கி, இப்போது அவள் கூப்பிட்டால் எடுப்பதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை பூதலிங்கமே பேசினார், "உங்க கொள்கை உசந்ததுதான் அண்ணாச்சி, எங்க வீட்டுக்கு அது சரிப்பட்டு வராது. பொண்ணுகிட்டப் பேசுங்க, இல்லன்னாப் பத்திரிகை அடிக்க வேண்டாம்." வடிவு முகம் வீங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பையன்மேல் அவளுக்கு உயிர், அது ஊருக்கே தெரியும். அப்படியும் சொன்னாள்: "எனக்காக நீங்க ஒண்ணும் வளைஞ்சு கொடுக்காதீங்கப்பா. போனாப் போகட்டும்." போனாப் போகட்டுமாம். எதற்காக? வேட்டிக்குள் இருக்கும் ஒரு கறுப்புக்காக. அன்றுதான் பேருந்தின் முதுகில் விளம்பரத்தைப் பார்த்தார், லேசர், கத்தி வேண்டாம், அன்றே வீடு திரும்பலாம், இடப்பக்கம் புடைத்த கால், வலப்பக்கம் மொழுமொழுவென்று ஒரு கால். அந்த வலப்பக்கத்துக் கால் பிறந்ததிலிருந்து எந்த மண்டபத்திலும் நின்றிருக்காது, அது புத்திக்குத் தெரிந்தாலும் ஆசைக்குத் தெரியவில்லை. திட்டம் அங்கேயே தயாராகிவிட்டது. காலைச் சரிசெய்துகொள்வது, பிறகு ஒரு நல்ல நாளாகப் பார்த்து, பிள்ளைகள் சந்தோஷம்தான் எனக்குப் பெரிது சம்பந்தி, என் கொள்கையை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவது. அதிலும் ஒரு பேர் வாங்கிவிடலாம்! இப்படியும் ஒரு மனிதன் யோசிப்பானா? யோசித்தார், பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டு, கால் விண்விண்ணென்று தெறிக்க, சந்தோஷமாகவே யோசித்தார்.

பீப் சத்தம் நின்றது. "முடிஞ்சிருச்சு அங்கிள். இனிமே கனம், கடுப்பு எல்லாம் குறைஞ்சிரும். புண்ணும் ஆறிரும்." டாக்டரம்மா காலுக்குத் துணி சுற்றத் தொடங்கினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அம்மா, அந்தக் கறுப்பு? ஒரு மாசத்துல போயிருமா?" துணி சுற்றும் கை நிற்கவில்லை. "கறுப்பா? அது போகாது அங்கிள். ரத்தம் தேங்கித் தேங்கித் தோலுக்குள்ள இறங்கின கறை அது. காலப்போக்குல கொஞ்சம் மங்கலாம், முழுசாப் போகும்னு நான் சொல்ல மாட்டேன். முதல் நாளே சொன்னேனே?" சொன்னாள். இப்போது ஞாபகம் வருகிறது. நல்லாயிரும் என்ற வார்த்தையை வாங்கிக்கொண்டு மற்றதை அவள் மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறார். சிரிப்பு மாதிரி ஒன்று வந்து, கண்ணாடிக்குள் கண் நனைந்தது. கண்ணாடியைக் கழற்ற வேண்டாம் என்று தோன்றியது, கழற்றினால் முகம் தெரியும். எவ்வளவு அருமையாகக் கருக்கினார்கள், உள்ளே இருந்த குழாயே மூடிக்கொண்டது, வெளியே தெரிகிற கறை மட்டும் அப்படியே இருக்கிறது. இன்னும் என்னென்ன பொய் மிச்சம் என்று மனசு தேடிப் பார்த்தது. காலுறை போட்டுக்கொண்டு உட்காரலாமா? பாதபூஜைக்குக் காலுறையா? கீழே விழுந்து கட்டுப் போட்டிருக்கிறது என்று சொல்லலாமா? சொல்லலாம்தான், வாய் எதைத்தான் சொல்லாது. செண்பகம் ஒருநாள் சொன்னாள், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்: "உள்ளதைச் சொல்லிட்டா அவ கல்யாணம் நடக்கும். உங்க பேருதான் போகும்." அப்போது கோபம் வந்தது. தூங்கிவிட்டதுபோல் திரும்பிப் படுத்துக்கொண்டார். பேர் போனால் என்ன மிச்சம் இருக்கும், இந்தக் கால்தானே மிச்சம்?

"நம்பர் அங்கிள்" என்று ஜெனிட்டா சிஸ்டர் வந்து நின்றாள். "இப்ப எந்திரிச்சு நடக்கணும். துணைக்கு ஆள் வந்தாத்தான் வேட்டியைக் கொடுப்பேன்" என்று சிரித்தாள். மண்டபத்துக் காவலாளியின் நம்பர் மனப்பாடம், அவனைக் கூப்பிட்டால் கேள்வி கேட்காமல் ஆட்டோ கொண்டுவருவான், ஒருவருக்கும் தெரியாது. வாயைத் திறந்தார். வடிவின் நம்பர் வந்தது. சொல்லி முடித்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது, சிஸ்டர் அதற்குள் எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

நடைக்கூடத்தில் நடக்கவிட்டார்கள். இடது கால் பொம்மைக் கால் மாதிரி கட்டுக்குள் கிடந்தது, வலது கால் வெறுமனே, டியூப் லைட்டுக்குக் கீழே, கறுப்பும் புடைப்புமாக. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள், பார்த்துவிட்டுத் தங்கள் மாத்திரைச் சீட்டைப் பார்த்தார்கள். யாரும் மயங்கி விழவில்லை. கால் கடுத்ததும் கடைசி நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்த நேரத்தில் வடிவு படியேறி ஓடிவந்தாள், கழுத்தில் கல்லூரி அட்டை தொங்க, மூச்சிரைக்க. "என்னப்பா, என்ன ஆச்சு, ஆஸ்பத்திரின்னு சொன்னதும் எனக்கு..." கண் கீழே போயிற்று. அவர் கை பழக்கத்தில் வேட்டியை இறக்கிவிடப் போனது. கையில் அகப்பட்டது அங்கியின் ஓரம்தான், அது முழங்காலைத் தாண்டி வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். செத்துவிடலாம்போல் இருந்தது அவருக்கு.

"மகளா? நல்ல நேரத்துக்கு வந்தீங்க" என்று சிஸ்டர் நீளமான காலுறை ஒன்றைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். "இந்தக் காலுக்கு அடுத்து செய்யணும். அதுவரைக்கும் டெய்லி காலையில இதைப் போட்டுவிடணும். இறுக்கமா இருக்கும், அவங்களாப் போட வராது. இப்படி உக்காந்து, பாதத்தை மடியில எடுத்து வச்சுக்கிட்டு, குதிகால்லேருந்து மேல ஏத்துங்க." வடிவு தரையில் உட்கார்ந்தாள். அவர் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், அவள் விடவில்லை. பட்டுப்போன்ற புடவைமேல் அந்தக் கறுத்த பாதம். "எப்போருந்துப்பா?" "நீ பொறக்கதுக்கு முன்னாலருந்து." அவள் காலுறையைக் கால்விரல்களில் மாட்டினாள். குதிகாலில் சிக்கிக்கொண்டது. இழுத்தவள் திடீரென்று கையை நிறுத்தினாள். "அப்போ அன்னைக்கு நீங்க சொன்னது..." அதுவும் உண்மைதாம்மா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் நம்பிவிடுவாள், நம்பத்தான் ஆசைப்படுகிறாள், முகம் அப்படி இருந்தது. "இந்தக் காலை மறைக்கத்தாம்மா சொன்னேன்" என்றார். "கொள்கைலாம் ஒண்ணும் கிடையாது."

அவள் தலை நிமிரவில்லை. "நான் என் கிளாஸ்ல சொன்னேம்ப்பா" என்றாள், மெதுவாக. அவருக்கு வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது. கொஞ்சம் கழித்து அவள் கை திரும்ப அசைந்தது. குதிகாலைத் தாண்டி, கறுப்பைத் தாண்டி, சுருக்கம் விழாமல் நீவி நீவி ஏற்றினாள். "வலிக்குதா?" "இல்ல." ஒரு கையால் தன் போனை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ஹரி அப்பாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்." "சொல்லுதேன்." "இப்பவே." மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்காமல் இருக்கட்டும் என்று ஒரு தரம் நினைத்தார், எதிர்முனையில் எடுத்துவிட்டார்கள். "சொல்லும்மா வடிவு" என்றது பூதலிங்கத்தின் குரல். "நான்தான் சம்பந்தி, குத்தாலம் பேசுதேன்" என்றார். "என் காலைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." வடிவு காலுறையை முழங்கால்வரை ஏற்றி முடித்திருந்தாள். காலை இன்னும் மடியிலிருந்து இறக்கவில்லை.